கலைக் கல்லூரியில் இயற்பியல்: ஐந்து பகுதிகள், ஒரு பட்டம்

பி.எஸ்சி. இயற்பியல் படித்த எவரும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை. சோடியம் விளக்கு முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து, மெல்லச் சூடேறி, முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் முப்பட்டகத்தின் கூர்விளிம்பு கோலிமேட்டரைப் பார்க்கும்படி மேடையில் வைத்துவிட வேண்டும். இடப்பக்க முகத்தில் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பத்தைத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிமேல் நிறுத்தி ஒரு ரீடிங். வலப்பக்கம் திருப்பி இன்னொரு ரீடிங். வெர்னியர் ஒன்று, வெர்னியர் இரண்டு. லீஸ்ட் கவுண்ட் ஒரு நிமிடம். இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் முப்பட்டகத்தின் கோணம். அறுபது டிகிரி வர வேண்டும். வந்தால் அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். அதை ரெக்கார்டு நோட்டில் அழகாக எடுத்தெழுதினால் அந்த வாரத்துக்கான வேலை முடிந்தது.

நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்னால் சென்னை மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் இதே கோணத்தை இதே மாதிரிக் கருவியில் அளந்துகொண்டிருந்தார். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுந்து திரும்பும்போது, பிம்பத்தை ஒட்டிச் சில பட்டைகள் தெரிந்தன. ஒளி விளிம்புகளில் வளைவதால் பட்டைகள் தோன்றும் என்பது புத்தகத்தில் உள்ள செய்திதான். ஆனால் இவர் கண்ட பட்டைகள் இருபக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஏன் இல்லை என்று அவர் விடாமல் பார்த்தார், அளந்தார், கணக்குப் போட்டார். எழுதியதைப் பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். மாதங்கள் போயும் பதில் வரவில்லை. தாமே லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் ‘ஃபிலசாபிகல் மேகசின்’ இதழில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அவர் சி.வி. ராமன்.

இந்தச் சம்பவத்தை ராமனின் மேதைமைக்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. 1904இல் அவர் அந்தக் கல்லூரியில் வாங்கிய பட்டம் பி.ஏ. இயற்பியலுக்காகத் தங்கப் பதக்கம் பெற்றவர் வாங்கியது கலைப் பட்டம். பிற்காலத்தில், தன்னை உருவாக்கிய நூல்கள் என்று ராமன் மூன்றைக் குறிப்பிட்டார்: புத்தரின் வாழ்க்கையைப் பாடிய எட்வின் அர்னால்டின் ‘ஆசிய ஜோதி’, யூக்ளிடின் வடிவியல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியையும் இசையையும் பற்றி எழுதிய நூல். ஒரு காவியம், ஒரு கணிதம், ஓர் இசை அறிவியல். மிருதங்கத்தின் தோல் ஏன் இசைக்கு இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று பின்னாளில் அவர் ஆராய்ந்ததற்கு வேர் அந்த மூன்றாவது நூலில் இருக்கிறது.

‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று இன்று பெருநகரப் பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்யும் சொல்லைக் கேட்டால், இயற்பியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அந்தச் சொல்லின் பழைய பொருள் அப்படிச் சொல்லவில்லை. ஐரோப்பாவின் இடைக்காலக் கல்வியில் சுதந்திர மனிதன் கற்க வேண்டிய கலைகள் ஏழு. இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என மூன்று. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என நான்கு. பாதிக்கு மேல் கணக்கும் வானமும்தான். அந்த மரபை ஆங்கிலேயர் வழியாகவும் அமெரிக்க மிஷனரிகள் வழியாகவும் நாம் பெற்றோம். அதனால்தான் நம் ஊர்க் கல்லூரிகளின் பெயர்ப் பலகையில் இன்றும் ‘கலை மற்றும் அறிவியல் கல்லூரி’ என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. நம்மிடம் இயற்பியல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கலைக் கல்லூரிப் பட்டமாகவே இருந்து வருகிறது. அந்த ஏற்பாடு என்ன தருகிறது, எங்கே தவறுகிறது என்று எடை போட்டுப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

ஏற்பாடு இதுதான். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் மேஜரும் அல்லைடும்: இயற்பியல் முதன்மைப் பாடம், கணிதமும் வேதியியலும் துணைப் பாடங்கள். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமக் கல்வி, பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற பணி. ஆறு பருவம், மொத்தம் 140 கிரெடிட். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. காகிதத்தில் பார்த்தால் அமெரிக்கக் கல்லூரிகள் பெருமையோடு சொல்லும் விரிந்த கல்வி அப்படியே இங்கே இருக்கிறது.

இதன் முதல் பலம், அது இருக்கும் இடம். சிறுநகரங்களில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்வரலாம். கட்டணம் பெரிய சுமை இல்லை. வீட்டை விட்டு வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களிலிருந்து பெண்கள் குவாண்டம் இயங்கியல் படிக்க வருவது இங்கேதான். ஐ.ஐ.டி.யின் வாசலோ பெரிய ஆய்வு நிறுவனத்தின் வாசலோ அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. ஒரே ஆய்வகத்தைப் பலரோடு பங்குபோட்டுக்கொண்டாலும், அங்கே ஒரு கிராமத்துப் பெண் தன் கையால் நியூட்டன் வளையங்களைக் குவியத்துக்குக் கொண்டுவருகிறாள். குறைகளைப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இரண்டாவது பலம், அந்தக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் இருந்த பேச்சு. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் ராமனுக்குத் துணை நின்றவர். பட்டம் முடித்ததும் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதைப் பற்றியும் கேட்கலாம் என்றொரு வழக்கம் வைத்திருந்தார். பாடத்திட்டத்தில் இல்லாத, மதிப்பெண் இல்லாத, துறைச் சுவர் இல்லாத ஒரு மணி நேரம். கலைக் கல்லூரி இயற்பியலின் உயிர் அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று எத்தனை கல்லூரிகளில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவரவர் கல்லூரியை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வாழ்க்கையில் திரும்பிக்கொள்ள இது தரும் இடம். ராமனே 1907இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமாக ஆய்வகத்துக்கு ஓடினார். இயற்பியல் படித்துவிட்டு அரசு வேலைக்குப் போவது இன்றைய டி.என்.பி.எஸ்.சி. தலைமுறை தொடங்கிவைத்த வழக்கம் இல்லை. அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பட்டத்தை முடித்த பிறகுதான் தனக்கு உரியது பொறியியல் என்று புரிந்தது என ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதுகிறார். அதே கல்லூரி நாட்களில்தான் டால்ஸ்டாயும் ஹார்டியும் அவருக்கு அறிமுகமானார்கள். அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்வதா, அடித்தளம் என்று சொல்வதா? அவர் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இரண்டும் சொல்லலாம். தாமதமாகத்தான் தெரிந்தது என்பது பட்டத்தின் குறை. தெரிந்த பிறகு வேறு பாதைக்குப் போக முடிந்தது என்பது பட்டத்தின் வலிமை.

இனி மறுபக்கம்.

விரிந்த கல்வி கட்டாயமாகும்போது அது ஒரு தடையாகவும் நிற்கும். இதற்குத் தமிழ்நாட்டில் ராமானுஜனைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார்; கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. கணக்கில் குறை இல்லை, மற்றவற்றில் தேறவில்லை. அவர் கணித மேதை, அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் என் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான். மின்காந்தவியலில் எங்கள் எல்லோருக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பவன். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மகன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஆங்கிலத் தாள் ஒன்று அவனை மூன்று பருவம் அரியராகத் துரத்தியது. எம்.எஸ்சி. சேர்க்கை ஓராண்டு தள்ளிப்போனது. அதற்குள் வீட்டு நெருக்கடி அவனை ஒரு மில்லில் சேர்த்துவிட்டது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளில் அவன் தேறாமல் போனது ஒரு நாடகத்தின் கதைச் சுருக்கத்தை மனப்பாடமாக எழுதத் தெரியாததால். இயற்பியல் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளவோ, தான் செய்த சோதனையை ஆங்கிலத்தில் விளக்கவோ அந்தத் தாள் அவனுக்கு ஒருநாளும் உதவவில்லை.

தமிழ்த் தாளின் நிலை இன்னும் என்னை உறுத்துகிறது. நம் மாணவரில் கணிசமானோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். முடுக்கம், உந்தம், திசைவேகம், மின்தடை, விலகல் எண் எல்லாம் அவர்கள் வாயில் இயல்பாக வந்த சொற்கள். கல்லூரிக்கு வந்ததும் அந்தச் சொற்கள் ஒரே நாளில் மறைந்து ஆங்கிலச் சொற்கள் வந்துவிடுகின்றன. அதே கல்லூரியில், அதே கட்டடத்தில், அவர்கள் இரண்டாண்டு தமிழ் படிக்கிறார்கள்: சங்கப் பாடல், சிற்றிலக்கியம், சிறுகதை, இலக்கணம். எல்லாம் படிக்க வேண்டியவையே. ஆனால் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி எந்தத் தமிழ் ஆசிரியரும் இயற்பியல் மாணவரைக் கேட்டதில்லை. கேட்டு எழுதியதைத் திருத்திக் கொடுத்ததில்லை. இவர்களில் பலர் பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் ஒரே எழுத்துப் பயிற்சியை அவர்கள் படித்த பட்டம் தரவில்லை. பகுதி ஒன்றும் பகுதி மூன்றும் ஒரே மாணவரின் தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

கணக்கும் அப்படியே. டைவர்ஜன்ஸ் என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அல்லைடு கணிதத்தில் ஒரு வெக்டரைக் கொடுத்து, (1, 2, 3) என்ற புள்ளியில் அதன் டைவர்ஜன்ஸ் என்ன என்று கேட்பார்கள். வகையிடுவோம், கூட்டுவோம், ஒரு எண் வரும். அதற்கு மதிப்பெண். அடுத்த ஆண்டு மேஜர் தாளில் மின்புலத்தின் டைவர்ஜன்ஸ் மின்னூட்ட அடர்த்திக்கு நேர்விகிதம் என்று எழுதுவோம். அதற்கும் மதிப்பெண். ஒரு சின்னப் பெட்டியைக் கற்பனை செய்து, அதன் ஆறு முகங்கள் வழியாக உள்ளே வருவதைவிட வெளியே போவது எவ்வளவு அதிகம் என்று எண்ணுவதுதான் இரண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டம் முடித்து வெகுநாள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. கணிதத் துறை ஆசிரியருக்கு இயற்பியல் எங்கே போகிறது என்று தெரியாது. இயற்பியல் ஆசிரியர், அதெல்லாம் அல்லைடில் நடத்தியிருப்பார்கள் என்று நம்பிக் கடந்துவிடுவார். ஃபூரியர் தொடருக்கும் இதே கதிதான்.

இந்த இடத்தில் இயற்பியலுக்கே உரிய ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். இலக்கியத்தில் புதுக்கவிதையிலிருந்தும் தொடங்கலாம், சிலம்பிலிருந்தும் தொடங்கலாம். வரலாற்றிலும் ஓரளவு அப்படியே. இயற்பியல் மாடிப்படி போன்றது. இயங்கியல் தெரியாமல் மின்காந்தவியல் இல்லை; இரண்டும் கணிதமும் இல்லாமல் குவாண்டம் இல்லை. ஒரு படி தளர்ந்தால் மேலே உள்ள எல்லாப் படியும் ஆடும். ஆகவே வேறு பாடங்களுக்கு நேரம் ஒதுக்கும்போது அந்த நேரம் மாடிப்படியின் மேல்தட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நம் பி.எஸ்சி. மாணவர் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு வினாத்தாளை முதன்முதலாகப் பார்க்கும்போது திகைப்பது இதனால்தான். அலகுகளின் தலைப்பு எல்லாம் தெரிந்ததாக இருக்கும். கணக்கைத் தொட்டால் கை நடுங்கும்.

மாநிலக் கல்லூரியின் பொற்காலம் என்று சொல்லப்படும் நாட்களிலும் இந்த இடைவெளி இருந்தது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து அங்கே உரையாற்றினார். அவருடைய அணு நூலைத் தானாகவே படித்து முடித்திருந்த மாணவர், பின்னாளில் வானியற்பியலாளரான சந்திரசேகர், மறுநாள் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ச் சந்தித்தார். அந்தப் புத்தகம் எழுதிய பிறகு அணு இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொல்லி, உலோக எலக்ட்ரான்களைப் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப் படியைக் கொடுத்தார். அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்கிய படிப்பு அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் சந்திரசேகரின் கட்டுரையாக வந்தது. கல்லூரி அவருக்கு நூலகத்தையும் நேரத்தையும் கொடுத்தது. புதிய இயற்பியலைக் கொடுக்கவில்லை. பின்னாளில் ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் ஒன்றாக வைத்து உரை நிகழ்த்தும் அளவுக்கு அகலமும் ஆழமும் அவரிடம் சேர்ந்தன. அந்தச் சேர்க்கை அவர் தாமாக உழைத்துச் சம்பாதித்தது.

அமெரிக்காவின் சிறு கல்லூரிகள் இதையே வேறுவிதமாகச் செய்துபார்த்திருக்கின்றன. ஓஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் ராபர்ட் மில்லிகன் படித்தபோது, இரண்டாம் ஆண்டு முடிவில் அவருடைய கிரேக்க மொழிப் பேராசிரியர் அவரை அழைத்து, ஆயத்த வகுப்புக்கு இயற்பியல் நடத்தச் சொன்னார். தனக்கு இயற்பியலே தெரியாது என்றார் மில்லிகன். கிரேக்கத்தில் நன்றாகத் தேறியவனுக்கு இயற்பியல் நடத்த வரும் என்பது பேராசிரியரின் எண்ணம். கோடை முழுக்க ஒரு பாடநூலை உட்கார்ந்து படித்து, அதிலிருந்த கணக்குகளைப் போட்டுப்போட்டு மில்லிகன் இயற்பியலுக்குள் வந்தார். 1923இல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கதையை விரிந்த கல்வியின் வெற்றியாக அங்கே சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஒரு மொழியைக் கறாராகக் கற்ற மூளை எதையும் கறாராகக் கற்கும் என்பது உண்மை. இயற்பியல் தெரியாதவர் இயற்பியல் நடத்தலாம் என்ற துணிச்சல் ஆபத்தானது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஆண்டு மாணவர்களாக இருந்திருக்கக்கூடும். இதே ஓபர்லினுக்கும் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. அங்கே பட்டம் முடித்த இளைஞர்கள் மதுரைக்கு வந்து ஆங்கிலம் கற்பித்திருக்கிறார்கள். 1881இல் பசுமலையில் தொடங்கிய அந்தக் கல்லூரி, அமெரிக்கச் சிறு கல்லூரி மரபின் நேர்வாரிசு.

வாஷிங்டனுக்கு அருகிலோ நியூயார்க்கிலோ இருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு, இந்தச் சிறு கல்லூரிகளின் பெயர்களை நோபல் பட்டியலில் தேடினால் கிடைக்கும்: வூஸ்டர் கல்லூரியில் படித்த ஆர்தர் காம்ப்டன், ஹேவர்ஃபோர்டில் படித்த ஜோசப் டெய்லர், ஜூனியாட்டாவில் படித்த வில்லியம் ஃபிலிப்ஸ், ஸ்வார்த்மோரில் படித்த ஜான் மேதர். பட்டியலைக் காட்டி வாதாடுவது எளிது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும், வசதி மிகுந்த கல்லூரிகள் அவை. அங்கிருந்து நல்லவர்கள் வருவது பாடத்திட்டத்தின் சிறப்பால் மட்டும் என்று நிரூபிக்க முடியாது. பட்டியலைவிட அங்கே நடக்கும் இரண்டு காரியங்கள்தான் நாம் பார்க்க வேண்டியவை.

ஒன்று ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில். எந்தத் துறையானாலும் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓராண்டு உழைத்து ஓர் ஆய்வேடு எழுதி, ஆசிரியர் குழுவின்முன் வாய்மொழித் தேர்வில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே 1968 முதல் இயங்கும் சிறு அணு உலையை முறையான உரிமம் பெற்று இயக்குபவர்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்களே. நம் எம்.எஸ்சி. மாணவர்கள் தலையணை அருகே வைத்துக்கொள்ளும் மின்னியங்கியல் நூலை எழுதிய டேவிட் கிரிஃபித்ஸ் அந்தக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர். அந்த நூலில் கேட்கும் நிதானமான, நண்பனிடம் பேசுவது போன்ற குரல், சிறு வகுப்பில் மாணவரின் முகத்தைப் பார்த்து நடத்திய ஒருவரின் குரல். இன்னொன்று ஸ்வார்த்மோரில் 1922 முதல் நடக்கும் ஆனர்ஸ் முறை. சிலரே உட்காரும் கருத்தரங்க வகுப்பு. கடைசியில் வெளிக் கல்லூரிகளிலிருந்து வரும் அறிஞர்கள் தேர்வு வைப்பார்கள். நடத்தியவரே திருத்துவதில்லை. ஆகவே ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று ஒரு வெளியாளை எதிர்கொள்ளத் தயாராகிறார்கள்.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. இயற்பியல் துறையில் ஆசிரியர்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல். மேல்நிலைப் பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். முனைவர் படிப்புக்குப் போகும் மாணவர், பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரைவிடச் சில பாடங்கள் குறைவாகவே படித்திருப்பார். கட்டணமோ நடுத்தரக் குடும்பத்தை மிரட்டும் அளவு. இந்தியாவில் அந்த மாதிரியைப் பின்பற்றித் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருக்கிறது. சுதந்திர மனிதனுக்கான கல்வி என்று தொடங்கியது காசுள்ளவனுக்கான கல்வியாக முடிந்தால், நம் டவுன் பஸ் கல்லூரியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது. நம்மிடம் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, மூட்டுகள் இல்லை. மொழி இருக்கிறது, கணிதம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, சமூகப் பணி இருக்கிறது. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து அசைவதில்லை. விரிந்த கல்வியால் ஆழம் போயிற்று என்று குற்றம் சொல்லி, தமிழையும் ஆங்கிலத்தையும் வெட்டிவிட்டு இயற்பியலைக் கூட்டுவதால் இந்த நோய் தீராது. அப்படிக் கூட்டிய மணி நேரங்களும் மனப்பாடத்துக்கே போகும். நான்காண்டுப் பட்டம், பல்துறைக் கல்வி என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வதுபோல இன்னும் நான்கு தாளைச் சேர்த்தாலும் தீராது. சேர்க்கும் ஒவ்வொரு தாளும் இன்னொரு சுவரோடுதான் வரும்.

மூட்டுகளைப் போடப் பெரிய பணம் வேண்டாம். வெக்டர் நுண்கணிதத்தை நடத்தும் கணித ஆசிரியரும் மின்காந்தவியல் நடத்தும் இயற்பியல் ஆசிரியரும் ஒரு பருவத்தில் சில வகுப்புகளையாவது ஒன்றாக எடுக்கலாம். தமிழ்த் தாளின் உள்மதிப்பீட்டில் ஒரு பங்கை, மாணவர் தன் துறையைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரைக்கு ஒதுக்கலாம்; தமிழ் ஆசிரியர் மொழியைத் திருத்தட்டும், இயற்பியல் ஆசிரியர் பொருளைத் திருத்தட்டும். கல்லூரி நிலைக்கான அறிவியல் நூல்களைத் தமிழில் கொண்டுவரும் முயற்சி இங்கே அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஆகவே சொல்வளம் இல்லை என்ற சாக்கு செல்லாது. ஆங்கிலத் தாளில் ஒரு நாடகம் போகட்டும், அந்த இடத்தில் ஃபாரடேயின் சொற்பொழிவுகளோ ராமனின் கட்டுரைகளோ வரட்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஐந்து பேர் சேர்ந்து கடையில் வாங்கிய சர்க்யூட்டை ஒட்டிக் கொடுப்பதாக இல்லாமல், ஒவ்வொருவரும் தன் பங்கை வெளியாள் ஒருவர்முன் நின்று விளக்குவதாக இருக்கட்டும்.

வேலை பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டும். மே மாதம் விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கும் தகப்பனுக்கு, பிசிக்ஸ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்க எல்லா உரிமையும் உண்டு. அவரிடம் சுதந்திரச் சிந்தனை கிடைக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். அளவெடுக்கத் தெரிந்த, பிழை எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்த, தான் செய்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கத் தெரிந்த ஒருவர் பள்ளிக்கும் வங்கிக்கும் ஆய்வகத்துக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் பயன்படுவார். நாம் கொடுக்கும் பட்டம் அந்த மூன்றையும் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்றைய நிலையில் முதலாவதை அரைகுறையாகக் கொடுக்கிறது. மற்ற இரண்டையும் கொடுப்பதில்லை.

ராமனுக்குப் பேராசிரியர் ஜோன்ஸ் பதில் எழுதவில்லை. ஆனால் ராமனை அவர் தடுக்கவும் இல்லை. ஆய்வகத்தில் தன் விருப்பப்படி சோதனை செய்ய விட்டார். அந்த அனுமதியைக் கொடுக்கப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு கூட வேண்டியதில்லை. இதைப் படிக்கும் இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் பருவத்தில் ஒரே ஒரு வாரம், செய்முறையையும் வர வேண்டிய விடையையும் கரும்பலகையில் எழுதாமல், முப்பட்டகத்தையும் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் மாணவர் கையில் கொடுங்கள். கண்ணில் பட்டதை அவர்கள் விரும்பும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். அந்த வாரம் ரெக்கார்டு நோட்டு வேண்டாம்.